பித்ராவின் கரையும் ஆழ்கடல் சூரையும்

அரபிக்கடலில் தென்மேற்குப் பருவக்காற்றின் சீற்றம் தணிந்து வாடைக்காற்று நிலைபெற்றதும், லட்சத்தீவின் கரைகளில் கொட்டகைகளுக்குள் ஏற்றி வைக்கப்பட்டிருந்த படகுகள் மீண்டும் நீரில் இறங்குகின்றன. அக்டோபரில் தொடங்கி மே மாதத் தொடக்கம் வரை நீளும் இந்த ஏழு மாதங்களே தீவு மக்களின் ஓராண்டு வாழ்க்கைக்கான வருவாயை ஈட்டித் தரும் பருவம். அதிலும் டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியுற்றும் வானம் தெளிந்தும் இருக்கும் நாட்கள் சூரை மீன் பிடிப்புக்கு மிக உகந்தவை.

இப்பருவம் இரண்டு அரசு ஆவணங்களின் நிழலில் நடைபெறுகிறது. பித்ரா தீவைப் பாதுகாப்புத் தேவைகளுக்காகக் கையகப்படுத்தும் நோக்குடன், சமூகத் தாக்க மதிப்பீட்டைத் தொடங்குவதாக லட்சத்தீவு நிர்வாகம் 2025 ஜூலை 11 அன்று வெளியிட்ட அறிவிக்கை ஒன்று. பிரத்யேகப் பொருளாதார மண்டலத்தின் மீன்வளத்தை நீடித்த முறையில் பயன்படுத்துவதற்கென ஒன்றிய அரசு 2025 நவம்பர் 4 அன்று அறிவித்த விதிகள் மற்றொன்று. முன்னது கரையைப் பற்றியது. பின்னது ஆழ்கடலைப் பற்றியது. டெல்லியில் இவ்விரண்டும் வெவ்வேறு அமைச்சகங்களின் வெவ்வேறு கோப்புகள். தீவுகளில் சூரை எவ்வாறு பிடிக்கப்படுகிறது என்பதை அறிந்தவர்க்கோ இவை ஒரே கேள்வியின் இரு முனைகள்.

லட்சத்தீவு 36 சிறு தீவுகளின் கூட்டம். மொத்த நிலப்பரப்பு 32 சதுர கிலோமீட்டர். மக்கள் வாழ்வது பத்துத் தீவுகளில். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 64,473 பேர். அவர்களுள் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் பட்டியல் பழங்குடியினர். நிலத்தை மட்டும் அளந்தால் ஒரு நடுத்தர நகரத்துக்கும் ஈடாகாத இத்தீவுகளைச் சூழ்ந்துள்ள கடற்கழிகளின் பரப்பு சுமார் 4,200 சதுர கிலோமீட்டர். இத்தீவுகள் இருப்பதனாலேயே இந்தியாவுக்கு உரித்தான பிரத்யேகப் பொருளாதார மண்டலம் சுமார் 4 லட்சம் சதுர கிலோமீட்டர் விரிகிறது. ஆட்சியாளர்களின் கண் இந்தக் கடைசி எண்ணின் மீதே பதிந்திருக்கிறது. 2025-26 ஒன்றிய பட்ஜெட் உரை, அந்தமான் நிகோபார், லட்சத்தீவு ஆகியவற்றின் மீது தனிக் கவனம் செலுத்தி ஆழ்கடல் மீன்வளத்துக்கான புதிய சட்டகம் கொண்டுவரப்படும் என்று அறிவித்தது. லட்சத்தீவுக் கடலில் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் சூரை பிடிக்க இயலும் என்ற மதிப்பீடு அரசு மேடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது.

தீவு மக்களின் வாழ்க்கையோ அந்த 4 லட்சத்தைக் காட்டிலும் 4,200 என்ற எண்ணையே முதலாகக் கொண்டது. லட்சத்தீவின் பெரும்பாலான தீவுகள் பவளப்பாறை வளையத்தின் கிழக்கு விளிம்பில் அமைந்தவை. தீவுக்கு மேற்கே, பாறை வளையத்துக்கு உட்பட்டுக் கிடக்கும் ஆழமற்ற நீர்ப்பரப்பே கடற்கழி. மழைக்காலத்தில் மேற்கிலிருந்து வரும் பேரலைகள் பாறை விளிம்பில் மோதி உடைந்து கடற்கழியைக் கலக்கிவிடுகின்றன. படகு செல்லும் வாய்க்கால்கள் கடக்கவியலாதவை ஆகின்றன. குளிர்காலத்தில் காற்று வடகிழக்குப் பக்கம் திரும்பியதும் தீவே கடற்கழிக்கு மறைப்பாக நிற்கிறது. நீர் தெளிந்து அடிமணல் தெரிகிறது. அதே காலத்தில் கங்கையும் கோதாவரியும் வங்கக்கடலில் கொட்டிய நன்னீரால் உப்புக் குறைந்த மேற்பரப்பு நீர், இலங்கையைச் சுற்றிக்கொண்டு குமரிமுனைக்குத் தெற்கே கடந்து, இத்தீவுகளின் கடலுக்கு வந்து சேர்கிறது. காற்று, நீரோட்டம், பாறை ஆகிய மூன்றும் சேர்ந்து அமைத்துத் தரும் இந்தச் சில மாதங்களைத்தான் தீவு மீனவர்கள் நம்பியிருக்கிறார்கள்.

லட்சத்தீவில் சூரை பிடிக்கும் முறைக்கு வலை தேவையில்லை. கழியும் தூண்டிலுமே கருவிகள். ஆனால் அம்முறை கடற்கழியிலிருந்துதான் தொடங்குகிறது. விடியற்காலையில் படகு கடற்கழிக்குள் செல்கிறது. அங்கே பவளக்கொத்துகளின் இடுக்குகளிலும் மணல்திட்டுகளின் ஓரங்களிலும் கூட்டமாகத் திரியும் விரலளவுச் சிறு மீன்களைச் சிறுகண் வலைகொண்டு உயிரோடு பிடிக்கிறார்கள். இவைதாம் இரைமீன்கள். படகின் நடுவே உள்ள தொட்டியில் இவற்றை விடுகிறார்கள். தொட்டியின் அடிப்பலகையில் துளைகள் இருப்பதால் கடல்நீர் இடைவிடாது உள்ளே வந்து வெளியேறுகிறது. சிறு மீன்கள் மூச்சுத் திணறாமல் உயிரோடு இருக்கின்றன. போதுமான இரைமீன் கிடைத்த பிறகே படகு பாறை வாய்க்காலைக் கடந்து வெளிக்கடலுக்குச் செல்கிறது. இரைமீன் கிடைக்காத நாளில் வெளிக்கடலில் சூரைக்கூட்டம் துள்ளிக்கொண்டிருந்தாலும் பயனில்லை. படகு போவதே இல்லை.

வெளிக்கடலில் சூரைக்கூட்டத்தைக் காட்டிக்கொடுப்பவை பறவைகள். கவரத்திக்கு வடமேற்கே உள்ள பிட்டி என்ற மணல்திட்டு, ஆலா வகைக் கடற்பறவைகள் கூடும் இடமாகப் பாதுகாக்கப்படுகிறது. அப்பறவைகள் வட்டமிட்டுத் தாழும் இடத்தை நோக்கிப் படகு விரைகிறது. ஒருவர் இரைமீன்களைக் கைநிறைய அள்ளி நீரில் எறிய, சிலர் நீரைத் தெளித்து மேற்பரப்பைக் குலைக்கிறார்கள். சிறு மீன்கூட்டம் பதறி ஓடுவதாக மயங்கிச் சூரைகள் மேலெழுகின்றன. படகின் பின்புறத்தில் வரிசையாக நிற்கும் மீனவர்கள், எதிர்முள் இல்லாத தூண்டில் கட்டிய கழிகளால் ஒவ்வொரு மீனாகத் தூக்கி முதுகுக்குப் பின்னால் வீசுகிறார்கள். எதிர்முள் இல்லாததால் மீன் தானாகவே கழன்று படகில் விழுகிறது; கழி உடனே மீண்டும் நீருக்குச் செல்கிறது. சில நிமிடங்களில் கூட்டம் கலைந்துவிடும். அந்த நிமிடங்களுக்குத்தான் பத்துப் பதினைந்து பேரின் ஒரு நாள் உழைப்பு. இம்முறையில் ஆமையோ சுறாவோ குஞ்சு மீனோ வலையில் சிக்கி மடிவதில்லை. மேற்கு இந்தியப் பெருங்கடலில் ஸ்பெயின், பிரான்ஸ் நாட்டு முதலாளிகளின் பெருங்கப்பல்கள் சுருக்குமடி வலையால் கூட்டம் கூட்டமாக வாரிச் செல்வதோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அண்டை நாடான மாலத்தீவின் கழித்தூண்டில் சூரைக்கு 2012-லேயே பன்னாட்டு அளவிலான நீடித்த மீன்பிடிப்புச் சான்று கிடைத்தது. அதே கடலில் அதே முறையில் பிடிக்கும் லட்சத்தீவு மீனவருக்கு அத்தகைய சான்றின் பயன் கிட்டவில்லை.

பிடித்த மீனில் பெரும்பகுதி மாசியாக மாறுகிறது. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் மாசிக் கருவாடு என்று அறியப்படும் அதே பண்டந்தான். சூரையை நெடுக்காகப் பிளந்து, கடல்நீரில் வேகவைத்து, புகையூட்டி, பின்னர் வெயிலில் நாட்கணக்கில் உலர்த்துகிறார்கள். ஏறத்தாழ ஐந்து கிலோ மீன் ஒரு கிலோ மாசியாகச் சுருங்கிக் கல்போல இறுகுகிறது. குளிர்பதனம் இல்லாத காலத்தில் கண்டறியப்பட்ட இந்தத் தொழில்நுட்பத்துக்கு வேண்டியவை மூன்று: விறகு, மழையற்ற வெயில், விரிந்த கரை. முதலிரண்டைத் தென்னையும் குளிர்காலமும் தருகின்றன. மூன்றாவதைத் தருவது கடற்கரை மணல். படகைக் கரையேற்றுவதும் கொட்டகை போடுவதும் அடுப்பு மூட்டுவதும் மாசி உலர்த்துவதும் அதே மணலில்தான் நடக்கின்றன. மினிக்காயில் மாசி தயாரிப்பில் பெண்களின் உழைப்பு கணிசமானது. மீன்பிடித் தொழில் பற்றிய அரசுப் புள்ளிவிவரங்கள் படகில் ஏறுபவரை எண்ணுகின்றன. அடுப்பின் முன் நிற்பவர் எண்ணிக்கைக்குள் வருவது அரிது.

இத்தொழிலின் வரலாற்றில் ஆட்சியாளர்கள் மறக்க விரும்பும் ஒரு பகுதி உண்டு. கழித்தூண்டில் முறை முன்னர் மினிக்காயில் மட்டுமே வழங்கியது. திவேஹி மொழியின் கிளையான மஹல் பேசும் அத்தீவு, மலையாளம் வழங்கும் வடக்குத் தீவுகளிலிருந்து ஒன்பது பாகைக் கால்வாயால் பிரிக்கப்பட்டு, பண்பாட்டளவில் மாலத்தீவோடு நெருங்கியிருந்தது. 1960-களில் மீன்வளத் துறை இயந்திரப் படகுகளை அறிமுகப்படுத்தியபோதுதான் மினிக்காய் மீனவர்களின் திறன் அகத்தி, பித்ரா முதலிய மற்ற தீவுகளுக்கும் பரவியது. 1969-ல் மினிக்காயில் அரசே சூரை மீனை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலையை நிறுவியது. பொதுத்துறை முதலீடும் உழைப்பாளிகள் தம்முள் பகிர்ந்துகொண்ட அறிவும் சேர்ந்து ஒரு தலைமுறைக்குள் ஒரு தீவின் தொழிலைத் தீவுக்கூட்டத்தின் தொழிலாக்கின. தனியார் மூலதனம் வந்தாலொழிய வளர்ச்சி இல்லை என்று இன்று சொல்பவர்கள் இந்த அனுபவத்துக்கு விடை சொல்ல வேண்டியவர்கள்.

இந்தப் பின்னணியில் நவம்பர் 4 விதிகளை வாசித்தால் அவற்றின் பொருள் தெளிவாகும். மீனவர் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீன் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை, அந்நிய நாட்டுக் கப்பல்களுக்குத் தடை, எல்.இ.டி. விளக்கு மீன்பிடிப்புக்கும் இரட்டை இழுவலைக்கும் தடை, சிறு படகுகளுக்கு அனுமதிச் சீட்டிலிருந்து விலக்கு ஆகியவை விதிகளின் முகப்பில் உள்ளன. இவற்றை வரவேற்கத் தயங்க வேண்டியதில்லை. இவற்றுட் சில மீனவர் இயக்கம் பல்லாண்டுகளாகப் போராடிக் கேட்டவை. 1991-ன் ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை அந்நியக் கூட்டு நிறுவனங்களுக்குக் கதவைத் திறந்தபோது நாடெங்கும் மீனவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன் விளைவாக அமைக்கப்பட்ட முராரி குழு 1996-ல் 21 பரிந்துரைகளை அளித்தது. அந்நிய, கூட்டு முதலீட்டு உரிமங்களை ரத்து செய்து, உள்நாட்டு மீனவர்களையே ஆழ்கடலுக்குத் தகுதிப்படுத்த வேண்டும் என்பதே அப்பரிந்துரைகளின் சாரம்.

கவனம் கோருவது விதிகளில் இடம்பெற்றுள்ள தாய்க்கப்பல் ஏற்பாடு. ஒரு பெரிய கப்பல் நடுக்கடலில் நிற்கும். சிறு கலங்கள் பிடித்த மீனை அதனிடம் ஒப்படைக்கும். மீன் அங்கிருந்தே சந்தைக்குச் செல்லும். அந்தமானுக்கும் லட்சத்தீவுக்கும் இதுவே தீர்வென்று கூறப்படுகிறது. கழித்தூண்டில் படகோ கடற்கழியை விட்டு அதிக நாட்கள் விலகியிருக்க முடியாது. தொட்டியிலுள்ள இரைமீன் தீர்ந்ததும், அல்லது செத்ததும், அதன் வேலை முடிந்துவிடுகிறது; மறுநாள் மீண்டும் கடற்கழிக்கு வந்தாக வேண்டும். நடுக்கடலில் வாரக்கணக்கில் தாய்க்கப்பலை நிரப்பிக்கொண்டிருக்க இயல்வது செவுள்வலைப் படகுக்கும், மைல்கணக்கான கயிற்றில் தூண்டில் கட்டி விடும் கலத்துக்கும், சுருக்குமடிக் கப்பலுக்குமே. ஆகவே தாய்க்கப்பல் வருமானால் அது தீவு மீனவரின் முறையைப் பெருக்காது. வேறு முறையையும் வேறு முதலாளியையும் கொண்டுவரும். பல கோடி ரூபாய் மதிப்புள்ள தாய்க்கப்பலைத் தீவின் கூட்டுறவுச் சங்கம் எந்தப் பணத்தில் வாங்கும்? முன்னுரிமை என்ற சொல் ஒதுக்கீடு ஆகாது. வரிசையில் முதலில் நிற்கும் ஏழையிடம் பணமில்லையெனில் அடுத்து நிற்பவரிடம் உரிமை செல்லும். சங்கத்தின் பெயர்ப்பலகையை வாடகைக்கு எடுக்கும் கம்பெனிகளை இந்நாட்டு உழவர்கள் ஏற்கெனவே கண்டிருக்கிறார்கள்.

கடற்கழியே இப்போது நலிந்து வருகிறது. 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளின் கடல் வெப்ப அலைகளில் லட்சத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. 2023 இறுதியில் தொடங்கி 2024 கோடை வரை நீடித்த வெப்ப அலையில் மீண்டும் கடும் வெளுப்பு நேர்ந்ததை மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் பதிவு செய்துள்ளது. 1998 முதல் 2022 வரை அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய மூன்று தீவுகளில் நடந்த தொடர் ஆய்வு, உயிருள்ள பவளத்தின் பரப்பு ஏறத்தாழப் பாதியாகக் குறைந்திருப்பதைக் காட்டுகிறது. பவளம் வெளுப்பது சுற்றுலாப் பயணியின் புகைப்படத்துக்கு நேர்ந்த குறையாகவே நாளிதழ்களில் பேசப்படுகிறது. கிளைவிட்ட பவளத்தின் இடுக்கில் வாழும் இரைமீனுக்கு அது வீடிழப்பு. அந்த இரைமீனை நம்பிய படகுக்கு அது நாளிழப்பு. மற்றொரு பக்கம், அகத்தி போன்ற தீவுகளின் கடற்கழிகளில் பச்சை ஆமைகள் பெருகிக் கடற்புல் வெளிகளை மேய்ந்து மொட்டையாக்கிவிட்டதால் மீன் குறைந்தது என்று மீனவர்கள் முறையிடுகிறார்கள். அறிவியலாளர்களின் ஆய்வுகளும் அம்முறையீட்டில் உண்மையிருப்பதைக் காட்டியுள்ளன. ஆமையைக் காப்பதா மீனவரைக் காப்பதா என்று இதனை எளிமைப்படுத்திவிட முடியாது. கடற்கழியின் சமநிலை குலைந்திருப்பதன் அடையாளம் அது.

தீவினரின் தவறுகளையும் மூடிமறைக்க வேண்டியதில்லை. படகுகள் பெரிதாகப் பெரிதாக இரைமீனின் தேவையும் பெருகுகிறது. சூரைக்கு விலை சரியும்போது பாறை மீன்களின் பக்கம் சிலர் திரும்புகிறார்கள். கலவா போன்ற பாறை மீன்கள் மெதுவாக வளர்பவை. அவற்றைத் தொடர்ந்து எடுத்தால் பாறையின் மீட்சியே தடைப்படும். படகு உரிமையாளருக்கும் கூலி மீனவருக்கும் இடையிலான பங்கீட்டில் யார் கை ஓங்கியிருக்கிறது என்ற கேள்வியும் தீவுகளில் உண்டு. எந்தக் கடற்கழியில் எவ்வளவு இரைமீன் எடுக்கலாம், எந்த மாதங்களில் விட்டுவைக்கலாம் என்பதை மீனவர்கள் கூடி முடிவெடுத்து நடைமுறைப்படுத்துவதே இதற்கு வழி. கிராமத் தலைவரின் கீழ் கூட்டாக வேலைகளைப் பகிரும் மரபு மினிக்காயின் 11 கிராமங்களில் இன்றும் உயிரோடிருக்கிறது. அத்தகைய அமைப்புகளுக்குச் சட்ட அதிகாரம் அளிக்கும் ஒரு வரியைக்கூட நவம்பர் விதிகளில் காண முடியவில்லை.

கரைக்கு வருவோம். 2020 டிசம்பரில் பிரஃபுல் கோடா பட்டேல் நிர்வாகியாகப் பொறுப்பேற்ற சில மாதங்களுக்குள், 2021 ஏப்ரலில், கரையோரத்தில் இருந்த மீனவர் கொட்டகைகள் கடலோரப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியவை எனக் கூறி இடிக்கப்பட்டன. அதே நிர்வாகம்தான் எந்த நிலத்தையும் திட்டப் பகுதியாக அறிவித்துக் கைப்பற்ற வழிவகுக்கும் வளர்ச்சி ஆணைய வரைவு ஒழுங்குமுறையையும் அதே ஆண்டில் வெளியிட்டது. படகைப் பாதுகாக்கும் ஓலைக் கொட்டகை சட்டவிரோதம். கடற்கழிக்கு நடுவே தூண்கள் நட்டுக் கட்டும் நீர்மேல் விடுதி வளர்ச்சி! மினிக்காய், கட்மத், சுஹேலி ஆகிய மூன்றிலும் அத்தகைய விடுதிகளுக்கு நிதி ஆயோக்கின் வழிகாட்டலில் திட்டம் வகுக்கப்பட்டது. சுஹேலியிலும் கட்மத்திலும் தலா 110 அறைகள் கொண்ட சொகுசு விடுதிகளை அமைப்பதாக டாட்டா குழுமத்தின் ஓட்டல் நிறுவனம் 2023 ஜனவரியில் அறிவித்தது. வரைபடத்தில் சுஹேலி மனிதர் வாழாத தீவு. ஆனால் குளிர்காலம் வந்தால் கவரத்தியிலிருந்தும் அகத்தியிலிருந்தும் மீனவர்கள் அங்கே சென்று தங்கி, அதன் பரந்த கடற்கழியில் இரைமீன் பிடித்து, அதன் கரையில் மாசி உலர்த்துகிறார்கள். ஆண்டில் பாதி நாட்கள் உழைப்பாளிகள் வாழும் இடத்தை ஆளில்லாத் தீவு என்று எழுதும் கணக்கு யாருக்கு வசதியானது என்பதைச் சொல்லத் தேவையில்லை. விடுதியின் தூண்கள் நிற்கும் கடற்கழியில் விடியற்காலையில் வலை விரிக்க எந்த நிர்வாகம் மீனவரை அனுமதிக்கும்?

பித்ராவின் நிலை இன்னும் கூர்மையானது. மக்கள் வாழும் தீவுகளிலேயே மிகச் சிறியது அது, நிலப்பரப்பு 0.105 சதுர கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 26 ஏக்கர். 2011 கணக்கெடுப்பில் 271 பேர். அதன் கடற்கழியோ 45.61 சதுர கிலோமீட்டர். லட்சத்தீவின் மிகப் பெரிய கடற்கழிகளுள் ஒன்று. அமைவிடத்தையும் பாதுகாப்புத் தேவையையும் காரணமாகக் காட்டி முழுத் தீவையும் கையகப்படுத்த நிர்வாகம் முனைகிறது. நாட்டின் பாதுகாப்புக்குத் தீவு மக்கள் என்றும் இடையூறாக இருந்ததில்லை. கவரத்தியில் 2012 முதலும் மினிக்காயில் 2024 மார்ச் முதலும் கடற்படைத் தளங்கள் மக்களோடு சேர்ந்தே இயங்கிவருகின்றன. அங்கே இயலுவது பித்ராவில் மட்டும் ஏன் இயலாது? அரசு தன் சொந்தப் பயன்பாட்டுக்கு நிலம் எடுக்கையில் நில உடைமையாளரின் ஒப்புதல் கட்டாயமில்லை என்பது 2013 நிலம் கையகப்படுத்தல் சட்டத்தின் நிலை. கடற்கழியின் இரைமீனுக்கோ எந்தச் சட்டத்திலும் இழப்பீட்டுப் பட்டியல் இல்லை. பித்ரா மீனவரைக் கட்மத்திலோ அமினியிலோ குடியமர்த்தினாலும் அவர் தம் கடற்கழியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

இவற்றை எல்லாம் எதிர்த்துத் தீர்மானம் போட ஊராட்சியாவது இருக்கிறதா? 2021 மே மாத ஆணையின் மூலம் கல்வி, சுகாதாரம், வேளாண்மை, கால்நடை, மீன்வளம் ஆகிய ஐந்து துறைகள் மாவட்ட ஊராட்சியிடமிருந்து பறிக்கப்பட்டன. பின்னர் ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்தும் தேர்தல் நடத்தப்படவில்லை. தேர்ந்தெடுக்கப்பட்ட உள்ளாட்சி அமைப்புகளைக் கலந்தே தீவுகளில் வளர்ச்சித் திட்டங்கள் நிறைவேற்றப்பட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் நியமித்த நீதிபதி ஆர்.வி. ரவீந்திரன் குழு கூறியிருந்தது. கலந்து பேச வேண்டிய அமைப்பையே இல்லாமல் செய்துவிட்டால் கலந்து பேசும் சிக்கலும் தீர்ந்துவிடுகிறது. 2021-ல் ஒவ்வொரு மீன்பிடிப் படகிலும் ஓர் அரசு ஊழியரைக் கண்காணிப்புக்காக ஏற்றியனுப்ப ஓர் ஆணை வந்தது. எதிர்ப்பு வலுத்ததும் திரும்பப் பெறப்பட்டது. இரைமீன் தொட்டிக்கும் கழிக்காரர்களுக்கும் இடையில் அந்த ஊழியர் எங்கே நிற்பார் என்று ஆணை எழுதியவர் யோசித்ததாகத் தெரியவில்லை. மக்கள் நீதி கேட்டு எழுந்த அந்நாட்களில், நிர்வாகியைத் திரும்பப் பெறக் கோரிக் கேரள சட்டமன்றம் மே 31 அன்று ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றியது.

தமிழ்நாட்டுத் தோழர்களுக்கு இப்பிரச்சினை தொலைவானதன்று. குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார மீனவர்கள் லட்சத்தீவுக் கடல்வரை சென்று வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலில் திடீரென வலுப்பெற்று, டிசம்பர் தொடக்கத்தில் மினிக்காயையும் கல்பேனியையும் தாக்கியபோது, பல நாட்களுக்கு முன்பே கடலுக்குச் சென்றிருந்த அவர்களுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. நூற்றுக்கணக்கானோர் திரும்பவேயில்லை. உயிர் பிழைத்த பலரின் படகுகள் ஒதுங்கியது இத்தீவுகளின் கடற்கழிகளில்தான். புயலில் தாமே தென்னைகளையும் படகுகளையும் இழந்திருந்த தீவு மக்கள் அவர்களுக்குக் கரை கொடுத்தார்கள். குளிர்கால அமைதியைப் புயல் குலைப்பது அரபிக்கடலில் கூடிவருவதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஒரு லட்சம் மீன்பிடிக் கலங்களுக்குச் செயற்கைக்கோள் தொடர்புக் கருவி பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அது தூத்தூர்ப் படகுக்கும் அகத்திப் படகுக்கும் ஒருசேரக் கிடைத்தாக வேண்டும்.

அதே சமயம், தலைநிலப் படகுகளுக்கும் தீவினருக்கும் இடையே உரசல் இருப்பதை மறைப்பது நேர்மையாகாது. கண்கூசும் விளக்குகளைக் கட்டிப் பாறைகளுக்கு அருகே இரவில் வலை சுற்றும் வெளிப்படகுகளால் சூரைக்கூட்டம் கலைகிறது என்று தீவினர் குமுறுகிறார்கள். அவ்விளக்குகளுக்கு 2017-லேயே தடை வந்துவிட்டது. தடையை நடைமுறைப்படுத்தும் ரோந்துதான் இல்லை. இந்த மனக்கசப்பைத் தமிழன், மலையாளி, தீவினன் என்று ஊதிப் பெருக்குவோர் எல்லாக் கரையிலும் உண்டு. விளக்குப் படகின் கூலி மீனவருக்கும் கழித்தூண்டில் மீனவருக்கும் உண்மையில் எதிர்நிற்பது யார் என்பதைப் பேச மீனவர் சங்கங்களே முன்கையெடுத்து, குமரி, கேரளம், தீவுகள் ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்து பேசும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டும். பாறை விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவுக்குள் வெளிப்படகுகள் வரக்கூடாது என்பதை அரசாணைக்குக் காத்திராமல் அவர்களே வகுத்துக்கொள்ள முடியும்.

தீவு மீனவரின் அன்றாடத் துயரம் விலை. மாசியின் விலையை நிர்ணயிப்பது மங்களூரிலும் கோழிக்கோட்டிலும் உள்ள வணிகர்கள். பருவம் உச்சத்தில் இருக்கும்போது விலை சரிகிறது, பருவம் முடிந்து மீனவர் கையில் சரக்கு தீர்ந்தபின் ஏறுகிறது. ஐஸ் தொழிற்கூடமும் குளிர்பதனக் கிடங்கும் போதிய அளவில் இல்லாததால் பச்சை மீனைக் காத்து வைத்து நல்ல விலைக்கு விற்கவும் வழியில்லை. மாலத்தீவில் அரசு நிறுவனமே மீனவரிடம் சூரையைக் கொள்முதல் செய்கிறது. இந்தியாவில் நெல்லுக்கும் கோதுமைக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை கேட்டுப் போராடும் இயக்கம், மாசிக்கும் அதைக் கேட்பதில் புதுமை ஒன்றுமில்லை. தாய்க்கப்பலுக்கு ஒதுக்க எண்ணும் பணத்தில் ஒரு பகுதியைக்கொண்டு ஒவ்வொரு மீன்பிடித் தீவிலும் குளிர்பதனக் கிடங்கு அமைக்கலாம். மினிக்காய்த் தொழிற்சாலையை விரிவாக்கலாம். கழித்தூண்டில் சூரைக்குரிய சான்றினைப் பெற்றுத் தரலாம்.

லட்சத்தீவுக்குச் சட்டமன்றம் இல்லை. மக்களவையில் ஒரே ஓர் உறுப்பினர். ஆகவே கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டிலிருந்தும் சென்றுள்ள இடதுசாரி உறுப்பினர்கள் பட்ஜெட் கூட்டத்தொடரிலேயே இதனை எழுப்பியாக வேண்டும். பித்ரா கையகப்படுத்தல் அறிவிக்கையைத் திரும்பப் பெறுவது, ஊராட்சித் தேர்தலை உடனே நடத்தி மீன்வளத் துறையை ஊராட்சியிடம் திரும்ப ஒப்படைப்பது, சுஹேலி உள்ளிட்ட இரைமீன் கடற்கழிகளில் விடுதிக் கட்டுமானத்தைத் தடை செய்வது, தாய்க்கப்பல் உரிமத்தைக் கம்பெனிகளுக்குக் கைமாற்ற இடமளிக்காதவாறு விதிகளைத் திருத்துவது ஆகியவை அங்கே பதில் பெறப்பட வேண்டியவை. குமரி, தூத்துக்குடி மாவட்டங்களின் கடலோரக் கிளைகள் இக்கோரிக்கைகளை மீனவர் சங்கக் கூட்டங்களில் விவாதித்து, பிப்ரவரி முடிவதற்குள் தம் தீர்மானங்களை அனுப்ப வேண்டும். மே மாதத்தில் படகுகள் கரையேறிவிடும். அதற்கு முன் பித்ரா மீனவருக்கு, அடுத்த அக்டோபரில் தம் படகை எந்தக் கரையிலிருந்து இறக்குவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.